நானூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கைகளும் மூன்று எண்ணெய் டிரம்களும்

ஸ்ஃபாக்ஸ்,
நவம்பர் 28, வெள்ளிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் ஷெட்லி அவர்களின் மேலான சமூகத்திற்கு, தங்கள் தங்கை நஜுவாவின் கணவன் மொங்கி ஸலாம் உரைத்து எழுதும் கடிதம். இங்கே நானும் நஜுவாவும் இறைவன் அருளால் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். கய்ரவானில் தாங்களும் அக்காவும் தங்கள் இடுப்புவலியும் எப்படி என்று அறிய விரும்புகிறோம். போன் கையில் இருக்கும்போது இவன் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் அடுத்த அறையில் நஜுவா இருக்கிறாள். ஆபீஸ் மின்னஞ்சலில் எழுதலாம் என்றால் அதை ஒழுங்குபடுத்தியதே நான் யாரைப் பற்றி எழுதப் போகிறேனோ அந்தப் பெண்தான். எனவே உறையை இரண்டு முறை ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்து அனுப்புவேன். கோடு எங்காவது விலகியிருந்தால் வழியில் யாரோ பிரித்துப் படித்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படியிருந்தால் படிக்காமல் திருப்பி அனுப்புங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் முதலாளி புராவியும் தாங்களும் பட்டாளத்தில் ஒரே கூடாரத்தில் படுத்தவர்கள். தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவர் தட்டமாட்டார். எம்னா என்ற அந்தப் பெண்ணை என் பக்கத்து மேசையிலிருந்து வேறு பிரிவுக்கு, கூடுமானால் வேறு ஊருக்கு மாற்றும்படி தாங்கள் சொல்ல வேண்டும். காரணத்தைக் கீழே விவரமாக எழுதுகிறேன். தாங்கள் முப்பது வருஷம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர், எத்தனையோ சூழ்ச்சிகளைப் பார்த்தவர், படித்து முடித்தபின் இதுவும் சூழ்ச்சிதான் என்று தாங்களே சொல்வீர்கள்.

அவள் செப்டம்பரில் வந்தாள். மஹ்தியா ஊர்க்காரி, இருபத்தாறு வயது. முதல் நாளே என் மேசைக்கு வந்து நின்று, "மொங்கி சாச்சா, தராசு புரோகிராமை உக்காந்து முழுசாப் படிச்சேன். பத்தொம்பது வருஷமா ஓடுதாமே, ஆச்சரியமா இருக்கு" என்றாள். ஆச்சரியம் என்றால் என்ன மச்சான்? நல்லபடி ஓடுவது ஆச்சரியமா, இத்தனை நாள் விழாமல் ஓடியது ஆச்சரியமா? அவளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. எதையாவது பார்ப்பாள், பச்சை மையால் குறித்துக்கொள்வாள், நான் அந்தப் பக்கம் போனால் மூடிவிடுவாள். ஒரு நாள் அவள் சாண்ட்விச் வாங்கப் போனபோது நோட்டு திறந்து கிடந்தது. நானாகப் போய்ப் பார்க்கவில்லை, என் கண் அந்தப் பக்கம் போயிற்று. வரிசையாக எண்கள், ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் 'மீம்' என்ற அரபு எழுத்து. மொங்கி என்ற பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று நான் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் தராசு தாங்கள் பார்த்ததுதான். எண்ணெய்ச் செக்குக்கு விவசாயி ஆலிவ் மூட்டைகளைக் கொண்டுவந்து மேடையில் ஏற்றுகிறார், தராசு எடை போடுகிறது, அவர் பெயரையும் எடையையும் வரிசை எண்ணையும் சீட்டில் அடித்துத் தருகிறது. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் மூளையை சி என்ற கணினி மொழியில் எழுதியவன் நான். நாம் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தர கம்பைலர் என்று ஒரு மென்பொருள் உண்டு. தங்கள் கோர்ட்டில் மனு வாங்கும் ஜன்னலை நினைத்துக்கொள்ளுங்கள். பிழை என்றால் கம்பைலர் மனுவைத் திருப்பி எறிந்துவிடும். எச்சரிக்கை என்றால் மனுவை வாங்கிக்கொள்ளும், ஆனால் முகத்தைச் சுளித்து ஏதோ முணுமுணுக்கும். பத்தொன்பது வருஷமாக எங்கள் கம்பைலர் முணுமுணுத்ததே இல்லை. காரணம், அதன் வாயை நான் முதல் வாரத்திலேயே அடைத்து வைத்திருந்தேன். வேலை நேரத்தில் யாராவது தொணதொணத்தால் எனக்கு ஓடாது, தங்களுக்குத் தெரியும், தங்கள் தங்கைக்கும் தெரியும்.

அக்டோபர் முதல் வாரம் எம்னா பழைய கம்பைலரைத் தூக்கிவிட்டுப் புதியதைப் போட்டாள். போட்டதோடு நிற்காமல் எல்லா எச்சரிக்கையையும் திறந்துவிட்டாள். பதினான்கு பேர் காப்பி குடித்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து என் புரோகிராமை அதனிடம் கொடுத்தாள். திரையில் வரிகள் ஓடத் தொடங்கின. ஓடின, ஓடின, காப்பி ஆறிப்போயிற்று, இன்னும் ஓடின. கடைசியில் நின்றபோது நானூற்றுப் பன்னிரண்டு. ஒருவன் விசிலடித்தான். யார் என்று இன்னும் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறேன்.

"இதுல பாதி ஒரே விஷயம்தான் சாச்சா. கான்ஸ்ட் பிரச்சினை" என்றாள்.

"கான்ஸ்ட்டுக்கு என்ன?"

"ஒரு இடத்துல 'இதை மாத்தக்கூடாது'ன்னு சொல்லி வாங்கறீங்க. உள்ள போனதும் அந்தப் பேச்சை விட்டுடறீங்க. அதைத்தான் அது சொல்லுது."

"நான் பேச்சை விட்டுடறேனா?"

"நீங்கன்னு சொல்லல சாச்சா, புரோகிராம்."

"புரோகிராமை எழுதினது யாரு, உங்க தாத்தாவா?"

எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். என்னோடு சேர்ந்து சிரித்தாளா, என்னைப் பார்த்துச் சிரித்தாளா என்று அன்றிரவு முழுதும் யோசித்தேன். நஜுவா, "திரும்பிப் படுங்க, இல்லன்னா கூடத்துல போய்ப் படுங்க" என்றாள். கூடத்தில் போய்ப் படுத்தேன்.

கான்ஸ்ட் என்ற சொல் என் புரோகிராமுக்குள் எப்படி வந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 2007-ல் துனிஸில் ஒரு கருத்தரங்குக்கு முதலாளி அனுப்பினார். அங்கே ஒரு பேராசிரியர் இரண்டு மணி நேரம் பேசினார், அதில் எனக்கு நினைவில் நின்றது, கான்ஸ்ட் போடுவது நல்ல பழக்கம் என்பது ஒன்றுதான். திரும்பி வந்து, விருந்தாளி வரும் நாளில் வாசலுக்கு மட்டும் சுண்ணாம்பு அடிப்பதுபோல, புரோகிராமின் ஒவ்வொரு பகுதிக்கும் வாசலில் ஒரு கான்ஸ்ட் எழுதி வைத்தேன். உள்ளே ஒன்றையும் மாற்றவில்லை. பார்க்க அழகாக இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஒரே ஆளின் வாயைத்தான் அடைத்து வைத்திருந்தேனே.

நானூற்றுப் பன்னிரண்டை அப்படியே விட்டால் பெயர் கெட்டுவிடும் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸுக்குப் போனேன். நஜுவாவிடம் மீன் சந்தைக்கு என்று சொன்னேன், மீன் வாங்காமல் திரும்பி வந்ததால் அது தனியாக ஒரு சந்தேகத்தைக் கிளப்பி, அவள் தங்களுக்குப் போன் செய்தது எனக்குத் தெரியும், அதைப் பிறகு பேசுவோம். எச்சரிக்கையின் வாயை அடைக்க சி மொழியில் ஒரு தந்திரம் உண்டு. சந்தேகத்துக்குரிய பெயருக்கு முன்னால் ஒரு அடைப்புக்குறி போட்டு, 'இதை நான் சொல்கிறபடிதான் நீ எடுத்துக்கொள்ள வேண்டும்' என்று அதட்டினால் போதும், கம்பைலர் அடங்கிவிடும். போட்டேன். வரிக்கு வரி போட்டேன். திங்கட்கிழமை காலை எம்னா ஓட்டிப் பார்த்தபோது எச்சரிக்கை சுழியம்.

"ஒண்ணுகூட இல்லியே?" என்றாள்.

"சுத்தம் பண்ணிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"ஏன், நம்பிக்கை இல்லியா?"

இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள். பிறகு, "இல்ல சாச்சா, நீங்க சொன்னா சரி" என்றாள். இந்தப் பதிலைத் தாங்கள் கவனிக்க வேண்டும். அவள் சண்டை போட்டிருந்தால் பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது. நம்பிவிட்டாள். இப்படியா மச்சான் ஒருத்தரை நம்புவது?

இந்த வருஷம் செக்குக்காரர்கள் ஒரு வசதி கேட்டார்கள். முன்பெல்லாம் எடை போடும்போது ஒரு சீட்டோடு சரி. இனி எண்ணெய் ஆடி டிரம்மில் நிரம்பியதும், அதே பெயரில் இரண்டாவது சீட்டு ஒன்று அடித்து டிரம்மின் மேல் ஒட்ட வேண்டும். அந்த இரண்டாவது சீட்டு வேலையை முதலாளி எம்னாவிடம் கொடுத்தார். அவள் புதிதாக எதையும் எழுதவில்லை. என்னுடைய சீட்டு அடிக்கும் பகுதியையே இரண்டாவது முறையும் கூப்பிட்டுக்கொண்டாள். பருவம் தொடங்கியது. அகாரெப் பக்கத்தில் ஒரு செக்கில் முதல் தராசை வைத்தோம்.

போன செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு அந்தச் செக்குக்காரர் போன் செய்தார். பின்னால் யாரோ கத்துவது கேட்டது. ஹாஜி மப்ரூக் என்று ஒரு விவசாயி, எழுபது வயது, தொள்ளாயிரம் கிலோ ஆலிவ் கொண்டுவந்திருக்கிறார். மற்றவர்களெல்லாம் தங்கள் எண்ணெய் குழாயில் விழுவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்று, சீட்டைப் பார்க்காமல் தங்கள் டிரம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். செக்குக்காரரை அவ்வளவுதான் நம்புவார்கள். மப்ரூக்குக்கு முழங்கால் வலி, எதிரே இருந்த காப்பிக் கடையில் உட்கார்ந்துவிட்டார். திரும்பி வந்தால் அவருடைய மூன்று டிரம்மும் இல்லை. அவற்றின் மேல் 'கலீஃபா' என்று சீட்டு ஒட்டியிருந்ததாம், சுமைக்காரர்கள் கலீஃபாவின் வண்டியில் ஏற்றிவிட்டார்கள், கலீஃபா திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்துவிட்டார். கலீஃபா யார் என்றால் மப்ரூக்கின் சொந்தத் தம்பி. ஒரு கிணற்று விவகாரத்தில் அண்ணன் தம்பிக்குப் பதினோரு வருஷமாகப் பேச்சு இல்லை. அன்று வரிசையில் முன்னும் பின்னுமாக நின்றிருக்கிறார்கள், ஒரு ஸலாம்கூட இல்லை.

மப்ரூக் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"நீதான் அந்தத் தராசைப் பண்ணினவனா?"

"ஆமாங்க ஹாஜி."

"என் பேரு எங்கடா போச்சு?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் என் தராசின் மானம் போகிறதே என்று, "ஹாஜி, மிஷின் பத்தொம்பது வருஷமாப் பொய் சொன்னதில்ல. மனுஷங்களைத்தான் பார்க்கணும். உங்க தம்பி சுமைக்காரங்ககிட்ட ஏதாச்சும் பேசினாரான்னு விசாரிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர், "அப்படியா சேதி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். எம்னா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன் சாச்சா அப்படிச் சொன்னீங்க? இன்னும் நாம மிஷினைப் பார்க்கவே இல்லியே" என்றாள். நான், "உனக்கு இந்த ஊர் ஆளுங்களைப் பத்தித் தெரியாது" என்றேன்.

அதன்பின் நடந்ததைச் செக்குக்காரர் சொல்லித்தான் அறிந்தேன். மப்ரூக் இரண்டு மருமகன்களைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டு வாசலில் போய் இறங்கியிருக்கிறார். அங்கே மூன்று டிரம்மும் ஏற்கெனவே தெருவில் நிற்கின்றன. கலீஃபா கதவைத் திறந்துகொண்டு வந்து, "எடுத்துட்டுப் போ உன் பிச்சையை! பதினோரு வருஷம் கழிச்சு எண்ணெயைக் குடுத்து என்னை வாங்கலாம்னு பார்க்கிறியா? உன் எண்ணெய் என் தொண்டையில இறங்காது" என்று கத்தியிருக்கிறார். மப்ரூக், "நான் குடுத்தேனா? திருடினதும் இல்லாம நியாயம் வேற பேசறியா?" என்று கத்தியிருக்கிறார். தெருவே கூடிவிட்டது. ஒரு மருமகன் டிரம் மேல் ஏறி நின்று கையை ஓங்கி, வழுக்கி விழுந்து மணிக்கட்டைப் பிசகிக்கொண்டான். என் ஒரு வார்த்தையால் வந்தது, மச்சான். ஒரு மணி நேரம் கத்தியபின் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்திருக்கிறது. அண்ணன் கொடுக்கவில்லை, தம்பி எடுக்கவில்லை. அப்படியானால் மூன்றாவது ஆள் யார்?

மறுநாள் காலை பதினோரு வருஷம் பேசாத அந்த இரண்டு பேரும் ஒரே வண்டியில், முன் இருக்கையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைத் திட்டுவதற்காக அகாரெப்பிலிருந்து வந்து இறங்கினார்கள்.

முதலாளி எல்லோரையும் பட்டறையில் கூட்டினார். மப்ரூக் சீட்டை ஆட்டிக்கொண்டு, "யாரு இதை எழுதினது?" என்றார். பதினான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவன் வேலை போகும் நேரத்தில் மற்றவர்கள் எவ்வளவு ஆர்வமாக நிற்கிறார்கள் என்று அன்றுதான் பார்த்தேன். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. இந்த வயதில் யார் என்னை எடுப்பார்கள் என்ற ஒரே நினைப்புதான் ஓடியது. "முதல் சீட்டு என்னுது. அதுல ஒரு குறையும் இல்ல. ரெண்டாவது சீட்டு இந்தப் பொண்ணு எழுதினது. தப்பு அதுலதான்" என்று சொன்னேன். சொல்லிவிட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் தங்களிடம் மறைத்தால் தாங்கள் வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள்.

எம்னா அழவில்லை, கோபப்படவும் இல்லை. மடிக்கணினியைக் கொண்டுவந்து எண்ணெய் டிரம்மின் மேல் வைத்தாள். முதலாளியைப் பார்த்துப் பேசாமல் அந்த இரண்டு கிழவர்களைப் பார்த்துப் பேசினாள்.

"ஹாஜி, நீங்க எடை போட வரும்போது மிஷின் உங்க பேரை ஒரு துண்டுல எழுதி வெச்சுக்குது. சீட்டு அடிக்கிற இடத்துக்கு அந்தத் துண்டு எங்க இருக்குன்னு விலாசத்தை மட்டும் சொல்லும். அதுக்குப் பேரு சுட்டி. சீட்டு அடிக்கிற இடத்து வாசல்ல 'கான்ஸ்ட்'னு எழுதியிருக்கு. அப்படின்னா, 'நான் பார்த்துட்டுத் தர்றேன், எதையும் தொடமாட்டேன்'னு அர்த்தம். நான் அதைப் படிச்சேன். பார்க்கத்தானே போறாங்க, துண்டு பத்திரமா இருக்கும்னு நம்பி, ரெண்டாவது சீட்டுக்கும் அதே துண்டைக் காட்டினேன்."

"சரி, பார்த்தாங்களா?" என்றார் கலீஃபா.

"பார்த்தாங்க. பார்த்து முடிச்சதும் துண்டை அழிச்சு, இடத்தைக் காலி பண்ணிட்டாங்க. காலி இடத்துல அடுத்து வந்தவர் பேரை மிஷின் எழுதிக்கிச்சு. ரெண்டாவது சீட்டுக்கு நான் போய்ப் பார்த்தா, விலாசம் அதேதான், பேரு வேற."

முதலாளி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார், அவருக்குப் பிடிபடவில்லை. கலீஃபா தொடையில் தட்டினார். "அதாவது, படிச்சுப் பார்த்துட்டுத் தர்றேன்னு வாங்கின பத்திரத்தைக் கிழிச்சுப் போட்டிருக்கான்."

"அதேதான்" என்றாள் எம்னா.

"கிழிச்சது யாரு?" என்றார் மப்ரூக்.

திரையில் அந்த வரி இருந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், பெட்டிக்குள் மெமரி நம் வீட்டு அலமாரியைவிடச் சின்னதாக இருந்த காலத்தில், இடத்தை உடனுக்குடன் காலி செய்ய வேண்டும் என்று நான் எழுதிய வரி. ஒரே சீட்டு அடித்த காலமெல்லாம் அது யாருக்கும் தொந்தரவாக இல்லை. அதன் முன்னால் என் அடைப்புக்குறி, ஞாயிற்றுக்கிழமை போட்டது. அந்தக் குறி மட்டும் இல்லாமலிருந்தால் கம்பைலர் அந்த இடத்தில், 'மாற்றக்கூடாது என்று வாங்கியதை அழிக்கக் கொடுக்கிறாய்' என்று சொல்லியிருக்கும். சொன்னது. நானூற்றுப் பன்னிரண்டில் ஏழாவது எச்சரிக்கை அதுதான். எம்னாவுக்கு எல்லாம் தெரியும், ஒரு விரலை நீட்டினால் போதும். நீட்டவில்லை. எதற்காக நீட்டவில்லை, என்ன கணக்கு போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். நின்றுகொண்டிருக்கும்போதே என் வாய், "நான்தான்" என்றது.

"நீயா? தம்பி திருடியிருப்பான்னு போன்ல சொன்னியே, அந்த நீயா?" என்றார் மப்ரூக்.

"ஆமாங்க ஹாஜி. அதுவும் நான்தான். அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. கொஞ்சம் முன்ன நான் சொன்னது பொய்."

மப்ரூக் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தம்பி பக்கம் திரும்பி, "நல்லவேளை, கிணத்துப் பத்திரத்தை இவன்கிட்ட குடுக்கல" என்றார். கலீஃபா சிரித்துவிட்டார். அண்ணனும் சிரித்தார். அந்தச் சிரிப்பு என் செலவில் நடந்தது என்பது ஒருபுறம் இருக்க, இருவரும் சமாதானமாகிவிட்டார்கள் என்று தாங்கள் நினைக்க வேண்டாம். வாசலில் போய் வண்டியை யார் ஓட்டுவது என்று மறுபடி ஆரம்பித்தார்கள், ரவுண்டானா வரை கேட்டது.

முதலாளி என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அதைவிட மோசமாக ஒன்று செய்தார். என் அடைப்புக்குறிகளையெல்லாம் எடுத்துவிட்டு, நானூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கையையும் ஒவ்வொன்றாக, எம்னாவின் பக்கத்தில் உட்கார்ந்து, படித்து, புரிந்துகொண்டு திருத்த வேண்டும் என்றார். நேற்று முழுதும் அதுதான். முதல் எச்சரிக்கையிலேயே நின்றோம். சுட்டியைக் குறிக்கப் போடும் நட்சத்திரக் குறிக்கு முன்னால் கான்ஸ்ட் இருந்தால் ஒரு அர்த்தம், பின்னால் இருந்தால் வேறு அர்த்தம் என்றாள். இரண்டும் ஒன்றுதான், எழுதுகிறவன் வசதி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"எப்படி ஞாபகம் வெச்சுக்கறது?" என்றேன்.

"வலப்பக்கத்துலேருந்து இடப்பக்கமாப் படிங்க சாச்சா. நம்ம எழுத்து மாதிரி."

படித்தேன். ஒன்றில், சுட்டி எங்கே வேண்டுமானாலும் போகலாம், ஆனால் போன இடத்தில் எதையும் தொடக்கூடாது. இன்னொன்றில், சுட்டி இருக்கிற இடத்தைவிட்டு நகரக்கூடாது, ஆனால் அங்கே இருப்பதை மாற்றலாம். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறந்ததிலிருந்து வலமிருந்து இடமாகப் படிக்கிறவன், பதினெட்டு வருஷமாக இந்த ஒன்றை மட்டும் தலைகீழாகப் படித்திருக்கிறேன்.

"அப்ப அழிக்கிற வேலை யாரோடது?" என்றேன்.

"யாரு எடுத்தாங்களோ அவங்களோடது. பார்க்க வாங்கினவங்க அழிக்கக்கூடாது. அழிச்சதை மறுபடி அழிக்கவும் கூடாது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் தராசு தானே அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சுதுன்னாரே செக்குக்காரர், அது ரெண்டாவது அழிப்பு."

"அவர் கரன்ட்டுல கோளாறுன்னுல்ல சொன்னார்?"

"எல்லாரும் ஏதாவது ஒண்ணு மேல சந்தேகப்படறாங்க சாச்சா. கம்பைலர் சொல்றதை மட்டும் யாரும் காதுல வாங்கறதில்ல."

இது என்னைக் குத்தியா, பொதுவாகவா? தங்கள் அனுபவத்தில் தீர்மானியுங்கள். துணிந்து, "உன் நோட்டுல 'மீம்'னு எழுதியிருக்கியே, அது யாரு?" என்று கேட்டேன். அவள் திகைத்துப்போய் நோட்டைத் திறந்து காட்டினாள். "மெமரி சாச்சா. எந்த வரியில இடம் எடுக்கிறோம், எந்த வரியில விடறோம்னு குறிச்சு வெச்சிருக்கேன். நீங்க யாருன்னு நினைச்சீங்க?" நான், "மப்ரூக்னு நினைச்சேன்" என்றேன். செப்டம்பரில் அவளுக்கு மப்ரூக்கைத் தெரியாது என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் அதையும் கண்டுகொள்ளாததுபோல் இருந்துவிட்டாள்.

இன்று மாலையோடு முப்பத்தொன்று முடிந்தது. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காலத்தில் நான் யோசிக்காமல் செய்தது. சிலவற்றில் கம்பைலர் வீணாகத்தான் பயந்திருக்கிறது, அதையும் எம்னா ஒப்புக்கொள்கிறாள். மற்றவற்றைப் பார்க்கும்போது, இத்தனை வருஷம் இந்தத் தராசு விழாமல் நின்றது உண்மையிலேயே ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

இதுவரை படித்தபின் குற்றம் என் பேரில்தான் என்று தாங்கள் முடிவுகட்டியிருப்பீர்கள். அங்கேதான் தாங்கள் ஏமாறுகிறீர்கள். யோசித்துப் பாருங்கள். எல்லோர் முன்னாலும் அவள்மேல் பொய்ப்பழி போட்டவன் நான். அவள் ஒரு சொல் திருப்பிச் சொல்லவில்லை. ஆபீஸில் யாரிடமும் குறை பேசவில்லை, விசாரித்துவிட்டேன். காலையில் வந்ததும் எனக்கும் சேர்த்துக் காப்பி எடுத்து வருகிறாள். ஏன்? பதில் சொல்லுங்கள் மச்சான், ஏன்? திட்டிவிட்டால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். இப்படி ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து மீதி முந்நூற்று எண்பத்தொரு எச்சரிக்கையையும் முடிக்க என்னால் ஆகாது. ஆகவே மேலே சொன்ன வேண்டுகோளை மீண்டும் வைக்கிறேன், புராவியிடம் தயவுசெய்து பேசுங்கள்.

அக்காவுக்கு என் ஸலாம். தங்கள் இடுப்புக்கு நஜுவா ஒரு தைலம் அனுப்புவாள். தங்கள் வாசலில் நன்மையே வந்து இறங்கட்டும், தங்கள் எண்ணெய் ஜாடி குறையாதிருக்கட்டும், தங்களைப் பற்றி நான் மனதில் நினைத்தவற்றில் தவறு ஏதும் இருந்தால் இறைவன் மன்னிக்கட்டும்.

தங்கள் அன்புள்ள
மொங்கி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் திங்கட்கிழமை ஆகிவிட்டது. காலையில் முதலாளி கூப்பிட்டு, "மொங்கி, துனிஸ் ஆபீஸுக்கு ஒரு ஆள் கேக்கறாங்க. எம்னாவை அனுப்பிடட்டுமா? உனக்கும் தொந்தரவு விட்டுது" என்றார். நான் கேட்காமலே என் காரியம் கையில் வந்து விழுந்தது. "சரி" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அனுப்பினீங்கன்னா நானும் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டேன். அதோடு நின்றேனா? "தராசுப் பிரிவுக்கு அவளையே பொறுப்பாப் போடுங்க, நான் அவகீழ வேலை பாக்கறேன்" என்றும் சொல்லிவிட்டேன். அவர் கையோடு உத்தரவு போட்டுவிட்டார். ஆகவே தாங்கள் புராவியிடம் எதுவும் பேச வேண்டாம். மேலே உள்ள பக்கங்களை அடுப்பில் போட்டுவிடுங்கள், தைலத்தைப் பற்றிய வரியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நஜுவாவிடம் இதைத் தாங்களே பக்குவமாகச் சொன்னால் நல்லது.

இன்னொன்று. சற்றுமுன் எம்னா ஒரு பெட்டி நிறைய மக்ரூத் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். எதற்கு என்று கேட்டேன். "சும்மாதான் சாச்சா" என்றாள். சும்மா யாராவது பேரீச்சம்பழம் வைத்த பலகாரம் செய்வார்களா? முதலில் ஒன்றை வாசல் காவலாளிக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன். அரைமணி நேரம் ஆகிறது. நன்றாகத்தான் இருக்கிறார். இன்னொன்று கேட்கிறார். அதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.